பின்பெஞ்சு ஜெபசுதாவின் மறுபிறப்பு

ஜெபசுதா கோயிலுக்கு இரண்டாம் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் போவாள். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். உட்காருவது பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சு, மின்விசிறிக் காற்று எட்டாத ஓரம். தூத்துக்குடி வெக்கையில் அந்த இடத்துக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை என்பதால் அது அவளுக்கு எழுதிக்கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குருவானவர் அறிவிப்புகளுக்கு நடுவில் ஓலை வாசித்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் கோயிலில் வாசித்து, இவர்களை இணைக்கத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கேட்பது முறை. அதற்குப் பேர்தான் ஓலை. கேட்கிறவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, சபை விருந்தான அசனத்துக்கு அரிசி கொடுக்க விரும்புகிறவர்கள் யாரிடம் பேர் கொடுக்க வேண்டும் என்ற அறிவிப்புக்குப் போய்விடுவார்.

"புதுக்கோட்டைச் சபையைச் சேர்ந்த பிரைட்டனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த ஷெர்லிக்கும் இது முதலாம் ஓலை" என்றார் குருவானவர். அப்புறம் தடையைப் பற்றிக் கேட்டார்.

உடனே அத்தனை தலையும் பின்பக்கம் திரும்பியது. பாடகர் குழு திரும்பியது, ஆண்கள் பக்கம் திரும்பியது, ஆர்மோனியக்காரர் எழுந்து நின்றே பார்த்தார். குருவானவர் சித்திரை மாதம்தான் மாற்றலாகி வந்தவர். எதற்கு எல்லாரும் திரும்புகிறார்கள் என்று விளங்காமல் அவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அங்கே முப்பத்தெட்டு வயது ஜெபசுதா பாட்டுப் புத்தகத்தை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சுக்குக் கீழே அவள் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

காரணம் இல்லாமல் யாரும் அப்படித் திரும்பமாட்டார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஷெர்லிக்கு மூன்றாம் ஓலை வாசித்தபோது எழுந்து நின்றவள் ஜெபசுதாதான். இரண்டு பேரும் ஒரே பாடகர் குழு. மாப்பிள்ளை பெனிஸ்டன், கப்பலில் மூன்றாம் இன்ஜினியர், அப்போது நடுக்கடலில் இருந்தான். "தடை இருக்கு ஐயா. அவருக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகிட்டு" என்று அவள் சொன்னாள். அவளுக்கு வேலை துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில். வந்து நிற்கும் கப்பல்களின் க்ரூ லிஸ்ட்டைச் சரிபார்த்து அனுப்புவாள். அந்த லிஸ்ட் ஒன்றில் பெனிஸ்டன், மூன்றாம் இன்ஜினியர் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவனோடு பயணம் செய்யும் மனைவியின் பேரும் இருந்தது. மூளை உள்ளவர்கள் நம்பும்படியான சங்கதிதான்.

அது வேறு பெனிஸ்டன் என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் நடுவில் கப்பலுக்குப் போன பெனிஸ்டன்கள் எத்தனையோ பேர். ஆனால் அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் முகம் கடுத்துவிட்டது. எங்கள் பிள்ளையின் மானத்தைக் கோயிலில் வைத்து வாங்கிவிட்டீர்கள் என்று எழுந்து போனவர்கள் நாலே மாதத்தில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். ஷெர்லிக்கு அதற்குப் பிறகு ஒன்றும் கூடிவரவில்லை. ஓலை மறிபட்ட பெண் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அது லேசில் போகாது.

பேர் மயக்கம் என்று சபையில் பாதிப் பேர் சொன்னார்கள். பொறாமை என்று மீதிப் பேர் சொன்னார்கள். ஷெர்லி மட்டும் ஒருநாள் சாயங்காலம் ஜெபசுதாவின் வீட்டுக்கே வந்து, "ஒரே பேர் இருந்தா யாருக்கும் மயக்கம் வரும். நான் மன்னிச்சிட்டேன். நீயும் மனசுல வச்சிக்கிடாத" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜெபசுதாவைத் தின்றுகொண்டிருந்தது அந்த மன்னிப்புதான். ஏனென்றால் மயக்கம் எதுவும் வரவில்லை. க்ரூ லிஸ்ட்டில் பேருக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கும். அந்த லிஸ்ட்டில் இருந்தது ஜூலை மாதம். ஷெர்லிக்குப் பார்த்த பெனிஸ்டன் பிறந்தது டிசம்பர் ஆறு. ஜெபசுதாவுக்கு அது மனப்பாடமாகத் தெரியும். அவனுடைய கலியாண பயோடேட்டா முதலில் வந்தது ஜெபசுதாவின் வீட்டுக்குத்தான். அவள் அம்மா கிருபாபாய் அதை வேதாகமத்துக்குள் வைத்து ஒரு மாதம் ஜெபம் பண்ணினாள். மகள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஷெர்லி வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேதி வேறு என்று தெரிந்தேதான் ஜெபசுதா எழுந்து நின்றாள். இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. ஆபீசில் ஒரே தேதியை நாலு தடவை சரிபார்ப்பாள். வீட்டில் பூட்டிய கதவை மறுபடியும் போய் இழுத்துப் பார்ப்பாள். நாசரேத்தில் இருந்தும் மெஞ்ஞானபுரத்தில் இருந்தும் வந்த வரன்களை வேண்டாம் என்று தட்டிக்கழித்தாள். ஓலை என்ற வார்த்தையையே அவளால் தாங்க முடியவில்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி போனில் படிக்கும் கதைகள். துறைமுகத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள். உப்பளங்கள் முடிவதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். எந்த நாட்டுக்காரர்களோ எழுதியதை யாரோ அரைகுறைத் தமிழில் ஏற்றியிருப்பார்கள். எல்லாம் ஒரே அச்சு. ஒரு பிரபு வீட்டு மகள் இருப்பாள், அழகும் திமிரும் உள்ள வில்லி. நல்ல பெண் ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுக் கடைசியில் தூக்கு மேடைக்குப் போவாள். இந்தக் கதையைப் படித்த ஏதோ ஒரு ஊர்ப் பெண் செத்துப்போய் அந்த வில்லியின் உடம்புக்குள் புகுந்து அவள் கட்டிலிலேயே கண்விழிப்பாள். அடுத்து நடக்கப்போவது எல்லாம் அவளுக்குத் தெரியும். ஐயோ சாமி, எனக்கு ராஜகுமாரனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரு குக்கிராமத்தில் காய்கறி போட்டுக்கொண்டு பேசாமல் கிடக்கிறேன் என்று மூட்டையைக் கட்டுவாள்.

இப்படி இருநூறு கதை படித்திருப்பாள் ஜெபசுதா. ஒன்றையும் முடித்ததில்லை. முதல் பத்து அத்தியாயத்தோடு சரி. ராஜகுமாரன் தோட்டத்து வேலிக்கு வெளியே வந்து நின்று காதல் பேச ஆரம்பித்ததும் மூடிவிட்டு அடுத்த கதைக்குப் போவாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு காட்சிதான். வில்லி கண்விழிக்கிறாள், கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறாள், தேதி என்ன என்று வேலைக்காரியைக் கேட்கிறாள். இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. செய்யப்போகிற பாவத்தை இன்னும் செய்யவில்லை. அந்த வரி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக வரும் காற்றுகூட ஜெபசுதாவுக்கு வேறுமாதிரி இருக்கும். ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கினதும் கால் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிடும்.

முதலாம் ஓலை முடிந்த செவ்வாய்க்கிழமை இந்தக் கதைகளே அவளுக்கு வினையாக வந்தன. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் கிரேசி அக்கா போன் பண்ணினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"ஏளா சுதா, ஒங்க அம்மா எல்லாம் சொன்னாவ. மறுபிறப்படைஞ்ச பாவிகளோட சாட்சியா எடுத்து வாசிக்கியாம. எனக்குச் சந்தோசம் தாங்கல. அடுத்த சனிக்கிழமை கூட்டத்துல ஒரு சாட்சிய நீ சொல்லு. இருபது நிமிஷம் போதும்."

ஜெபசுதாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் விளங்கியது. கண்ணாடியைத் தேடி மேசையைத் துழாவின அம்மா, போனில் 'மறுபிறப்பெடுத்த வில்லி' என்று கொட்டை எழுத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சபையில் மறுபிறப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். பழைய பாவத்தை அறிக்கையிட்டு விட்டுவிட்டுப் புது மனுஷியாவது. அப்படி ஆன கதையைக் கூட்டத்தில் எழுந்து சொல்வதுதான் சாட்சி. செத்து வேறு உடம்பில் பிறப்பதெல்லாம் அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

"அம்மா, அது சாட்சி இல்லம்மா, கதை" என்றாள் ஜெபசுதா அன்றைக்குச் சாயங்காலம்.

"சாட்சின்னாலும் கதைதானளா. நடந்த கதை."

"இது நடக்காத கதை. ஒருத்தி செத்து இன்னொருத்தியாப் பொறக்கா."

கிருபாபாய் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "அதை அங்கன போயிச் சொல்லிராத" என்றாள் மெதுவாக. மறுபடியும் நறுக்க ஆரம்பித்து, "நான் சங்கத்துல அதைச் சொன்னதும் கிரேசி என்னயக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சா. பதினோரு வருஷத்துல மொதத் தடவ. எல்லாருக்கும் குடுத்த பொறவு மிஞ்சின டீய இல்ல, மொத டீயே எனக்குத் தந்தா" என்றாள்.

தன் பெஞ்சைப் பற்றி மட்டுமே ஜெபசுதா நினைத்திருந்தாளே தவிர, அம்மா எங்கே உட்காருகிறாள் என்று இத்தனை வருஷமும் பார்த்ததில்லை. சரி, பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாம் ஓலைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றும் கேட்டாள். "நீ வராட்டா பயந்து ஒளியுதான்னு சொல்லுவாவ. வந்தா தடை சொல்ல வந்திருக்கான்னு சொல்லுவாவ. எப்படியும் சொல்லுவாவ. வந்து உக்காந்து கேட்டுக்கிட்டு வா" என்றாள் கிருபாபாய். போனாள். தலைகள் மறுபடியும் திரும்பின. அறிவிப்பு முடியும்முன்னே வெளியே வந்து, வெயிலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். கால் சுட்ட பிறகுதான் கையில் இருப்பது தெரிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். இருபது இருபத்தைந்து பெண்கள், கோயிலுக்குப் பக்கத்து ஹாலில். ஷெர்லி வரவில்லை. ஜெபசுதா ஜெபக் குறிப்பு எழுதும் தாளைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றாள். சாட்சி என்று எதையாவது இட்டுக்கட்டலாம் என்று வந்தவளுக்கு நாக்கில் வந்தது படித்த கதைதான்.

பிரபு மகளைப் பெரிய பண்ணையார் மகள் ஆக்கினாள். நிச்சயமான பெண்ணுக்கு டீயில் விஷம் வைத்ததைச் சொன்னாள். வேறு ஊரில் ஒரு கிளார்க்குப் பெண் இந்தக் கதையைப் படித்துக்கொண்டே ஆபீஸ் மேசையில் தலைசாய்ந்து செத்துப்போனதைச் சொன்னாள். அவள் விஷக்காரியின் கட்டிலில் கண்விழித்தபோது ஹாலில் ஒரு டம்ளர் அசையவில்லை. அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபசுதாவின் கதாநாயகி ஊரைவிட்டு ஓடிக் கத்தரிக்காய் போட்டாள், கோழி வளர்த்தாள். மாப்பிள்ளை தேடிவந்தபோது கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். பெண்கள் சிரித்தார்கள். "பொறவு?" என்று கேட்டார்கள். ஜெபசுதாவை இந்தச் சபை இப்படிப் பார்த்து எத்தனையோ காலம். ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிறைந்தே போயிற்று.

கிரேசி அக்கா சிரித்து முடித்துவிட்டு, பழைய கணக்கு டீச்சர் அல்லவா, கையைத் தூக்கினாள்.

"நல்லாருக்கு. ஒரு சந்தேகம். இந்தக் கிளார்க்குப் பிள்ளை ஒரு தப்பும் செய்யல. அவளுக்கு எதுக்கு மறுபிறப்பு? வெசம் வச்சவ எங்க போனா? அவ எப்ப மனந்திரும்புதா?"

"அதை அதுல சொல்லலக்கா."

"அப்ப இது சாட்சி இல்லளா. செஞ்சவள விட்டுட்டுச் செய்யாதவளக் கொண்டாந்து வச்சிருக்காவ. பாதிக் கதை" என்று சொல்லிவிட்டு, முடிவு ஜெபத்துக்கு எல்லாரையும் எழுந்திருக்கச் சொன்னாள்.

பாதிக் கதை. ஜெபசுதாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இருநூறு கதையிலும் அவள் ஒளிந்துகொண்ட இடம் அதுதான். கண்ணாடியில் பார்க்கிறவள் நிரபராதி. உடம்பு மட்டும் பாவியுடையது. பஸ்ஸில் இருபது நிமிஷம் அப்படி இரவல் முகத்தோடு உட்கார்ந்துவிட்டு இறங்கினால், பழைய ஆள்தான் இறங்குகிறாள். அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "நீ போ, நான் வாரேன்" என்று சொன்னாள்.

ஷெர்லியின் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலைத் தாண்டி இரண்டு தடவை நடந்தாள். மூன்றாவது தடவை உள்ளே போனாள். ஷெர்லி முன்னறையில் தரையில் உட்கார்ந்து கலியாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சந்தன நிறப் பட்டு மடி நிறையக் கிடந்தது.

"வா சுதா. போன வாரம் மொத ஆளா ஓடிட்ட. உக்காரு."

ஜெபசுதா உட்காரவில்லை. "ஷெர்லி, அன்னைக்கு நான் பேர் மயங்கல" என்றாள்.

"எதைச் சொல்லுத?"

"லிஸ்ட்ல பிறந்த தேதி இருந்திச்சு. ஜூலை. ஒனக்குப் பாத்தவரு டிசம்பர் ஆறு. எனக்குத் தெரியும். அந்த பயோடேட்டா எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்திச்சு. வேற ஆளுன்னு தெரிஞ்சேதான் எந்திரிச்சேன்."

ஊசி பாதித் துணியில் நின்றது. வெளியே மீன்காரம்மாவின் டிவிஎஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"எதுக்கு?" என்றாள் ஷெர்லி.

"பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

ஷெர்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைக் கவனமாகத் தலையணை உறையில் குத்திவைத்தாள். "எங்க அப்பா சாவுத வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாவ" என்றாள். "அந்தப் பிள்ளை மேல வருத்தப்படாதிய, பேர் மயங்கிட்டுன்னு. ஒங்க வீட்டுப் பக்கம் போனா ஒங்கம்மாட்ட நின்னு பேசிட்டுத்தான் வருவாவ."

ஜெபசுதாவுக்கு அழுகை வந்தது, அழுதால் அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நான் ஒங்க வீட்டுக்கு வந்து மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்லா" என்றாள் ஷெர்லி. "அது பேர் மயங்கினவளுக்குச் சொன்னது. ஒனக்கு இல்ல. அதை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"சரி."

"சரிங்கியா?" என்றாள் ஷெர்லி.

"அது எனக்குள்ளது இல்லல்லா. இத்தனை வருஷமும் சும்மா வச்சிருந்தேன்."

ஷெர்லி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வைதான். ஆனால் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, உள்ள ஆளை உள்ளபடி ஒருத்தர் பார்க்கிறார் என்று ஜெபசுதாவுக்குப் பட்டது. அவமானத்தோடு கூடவே ஒரு லேசும் வந்தது. அந்த லேசை நினைத்து வெட்கப்பட்டாள்.

"போ" என்றாள் ஷெர்லி. வாசலுக்குப் போனவளை மறுபடியும் கூப்பிட்டாள். "நாளைக்குப் பின்னால உக்காராத. முன்னால வந்து எம்பக்கத்துல உக்காரு."

ஜெபசுதாவுக்குப் புரியவில்லை.

"எனக்கு ஓலை வாசிக்காவ. அத்தனை பேரும் ஒன்னயத் திரும்பிப் பாக்காவ. முப்பத்தெட்டு வயசுல எனக்கு ஒரு கலியாணம், அதுலயும் நீதான் பொண்ணு மாதிரி இருக்க. எம்பக்கத்துல இருந்தா பாக்கவுக என்னையும் பாத்துக்கிடட்டும். மன்னிப்புக்குச் சொல்லல. எடத்துக்குச் சொல்லுதேன்."

மறுநாள் ஜெபசுதா முதல் மணிக்கே போய்விட்டாள். முன்பெஞ்சில் மின்விசிறி நேர் மேலே சுற்றியது. ஷெர்லி வந்து நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தாள், சுவர்ப்பக்கம் ஜெபசுதா. பின்னாலிருந்து குசுகுசுப்பு எழும்பி அடங்கியது.

"இது மூன்றாம் ஓலை" என்றார் குருவானவர். தடையைப் பற்றிக் கேட்டார். இரண்டு வாரப் பழக்கத்தில் அவரே இப்போது கடைசி பெஞ்சை எட்டிப் பார்த்தார். அது காலியாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்திவிட்டார்.

ஜெபசுதாவுக்கு அந்த நிமிஷம் நகரவே இல்லை. ஷெர்லி அவள் பக்கம் குனிந்தாள்.

"கால ஆட்டாத. பெஞ்சு ஆடுது."

அதற்குள் குருவானவர் அசனத்துக்கு வந்துவிட்டார்.

ஆராதனை முடியும் தறுவாயில் ஜெபசுதாவின் கால்கள் பழக்க தோஷத்தில் வெளியே போக எழுந்தன. போவதென்றால் ஷெர்லியைத் தாண்டித்தான் போகவேண்டும். ஷெர்லி முழங்காலிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். வழிவிடவில்லை. ஜெபசுதாவும் முழங்காலிட்டு, ஆசீர்வாதம் முழுவதையும் கேட்டாள். அதன் கடைசி வரி அவளுக்கு மறந்தே போயிருந்தது.